நான்கு பெல்ட், ஓர் இடுப்பு

கோலாலம்பூர்
30.11.2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பட்டர்வொர்த்தில் மழை விடவேயில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே பிரிக்பீல்ட்ஸிலும் மாலை நாலு மணி ஆனால் கொட்டித் தீர்க்கிறது.

கடைசிப் பத்தியில் நீ கேட்டதற்கே நேராக வருகிறேன். குத்துச்சண்டையின் மிக உயர்ந்த எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில், நான்கு அமைப்புகள் தனித்தனியே தரும் உலகப் பட்டங்களான நான்கு பெல்ட்டும் மறுபடி ஒருவரிடம் சேருமா, சேர்ந்தால் தங்குமா? சேரும், ஆனால் தங்காது. இன்றைய விதிகள் மாறாத வரை என் பதில் இதுதான்.

இந்த ஜூலையை எடுத்துக்கொள். 19ஆம் தேதி லண்டன் வெம்ப்ளியில், நமக்கு ஞாயிறு விடியற்காலை, ஒலெக்சாண்டர் உசிக் ஐந்தாவது சுற்றில் டேனியல் டுபுவாவை இடது கையால் வீழ்த்தினார். டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்ற நான்கு அமைப்பின் பெல்ட்டும் அவரிடம். நான்கு மாதம்தான். ஜோசஃப் பார்க்கரோடு மோது என்று டபிள்யூ.பி.ஓ. உத்தரவிட்டது, உசிக் காயத்தைச் சொல்லி அவகாசம் கேட்டார். இடையில் அக்டோபர் 25 அன்று ஃபாபியோ வார்ட்லி பதினோராவது சுற்றில் பார்க்கரை அடித்துத் தோற்கடித்துவிட்டார். இந்த மாதம் உசிக் அந்த பெல்ட்டை விட்டுக்கொடுக்க, வார்ட்லி டபிள்யூ.பி.ஓ. சாம்பியன் ஆகிவிட்டார். வார்ட்லி நல்ல சண்டைக்காரர். அந்த பெல்ட்டைப் பார்க்கரைச் சாய்த்துச் சம்பாதித்தார். ஆனால் உசிக்கை அவர் தொட்டதுகூட இல்லை.

காரணம் எங்கே இருக்கிறது என்றால், ஒவ்வொரு அமைப்புக்கும் தனித் தரவரிசை, தனிக் கெடு. அதில் முதலிடத்தில் இருப்பவரே கட்டாயச் சவாலர். ஐ.பி.எஃப். 9 மாதத்துக்கு ஒருமுறை அவரைச் சந்திக்கச் சொல்கிறது. மற்றவையும் அவரவர் கணக்கு வைத்திருக்கின்றன. உத்தரவு வந்ததும் இரு தரப்பும் பேசி முடிக்க, வழக்கமாக 30 நாள் தருவார்கள். முடியாவிட்டால் ஏலம்: எந்த ஏற்பாட்டாளர் அதிகத் தொகை எழுதிக்கொடுக்கிறாரோ அவருக்கே சண்டை. உச்ச ஹெவிவெயிட் ஒருவர் வருடத்துக்கு இரண்டு முறை மோதினாலே பெரிது. நான்கு வரிசை, இரண்டு தேதி. எப்படியும் இரண்டு அமைப்பு காத்திருக்க வேண்டும். எது முதலில் பொறுமை இழக்கிறதோ அந்த பெல்ட் கழன்று போகும். முறை வைத்துச் சுழற்றுவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் காயம் பட்டுத் தேதி தள்ளினால் அந்தச் சுழற்சி முழுவதும் குலைந்துவிடும்.

பணமும் உண்டு. ஒவ்வொரு பெல்ட்டுக்கும் சாம்பியனின் சம்பளத்தில் பொதுவாக 3 விழுக்காடு அங்கீகாரக் கட்டணம். நான்குக்கும் சேர்த்தால் 12 விழுக்காடு. பெரிய தொகையாக இருந்தால் பேசிக் குறைப்பார்கள். இப்போது யோசித்துப் பார்: பெல்ட் ஒரே ஆளிடம் இருந்தால் பட்டச் சண்டை ஒன்றுதான். பிரிந்து கிடந்தால் நான்கு சண்டை, நான்கு சாம்பியன், நான்கு கட்டணம். சேர்த்து வைப்பதில் அந்த அமைப்புகளுக்கு ஆதாயமே கிடையாது. எனக்கு இதில்தான் மனம் பொறுப்பதில்லை. அடி வாங்குகிறவன் மோதிச் சம்பாதித்ததை மேசையில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள்.

ஜோ பக்னர் செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் காலமானதைப் படித்திருப்பாய். 1975 ஜூலை 1 அன்று நம் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியோடு 15 சுற்றும் நின்று, புள்ளியில் தோற்றவர். அன்று கணக்கில் இருந்தவை இரண்டே அமைப்பு, இரண்டும் அலியிடம். ஆகவே கோலாலம்பூரில் அந்தக் காலையில் நடந்தது சந்தேகமே இல்லாத உலகச் சாம்பியன் பட்டச் சண்டை. மூன்றே வருடத்தில் அது உடைந்தது. 1978இல் அலியை வென்ற லியோன் ஸ்பிங்க்ஸ், டபிள்யூ.பி.சி.யின் கட்டாயச் சவாலர் கென் நார்ட்டனை விட்டுவிட்டு அலியோடு மறுபடி மோத ஒப்புக்கொண்டார், டபிள்யூ.பி.சி. உடனே பட்டத்தைப் பிடுங்கி நார்ட்டனுக்குக் கொடுத்தது. பிறகு 1983இல் ஐ.பி.எஃப்., 1988இல் டபிள்யூ.பி.ஓ. என்று கடை பெருகியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இதே கதைதான். 1992 நவம்பரில் ஹோலிஃபீல்டை வென்ற ரிடிக் போ, லெனக்ஸ் லூயிஸைச் சந்திக்க மனமில்லாமல் அடுத்த மாதமே டபிள்யூ.பி.சி. பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். 1999 நவம்பரில் லூயிஸ், டபிள்யூ.பி.ஓ. தவிர மற்ற மூன்றையும் சேர்த்தார்; அன்று ஒரே சாம்பியன் ஆக அது போதும். ஆறு மாதம் ஆவதற்குள் கட்டாயச் சவால் பிரச்சினை நீதிமன்றம் போய் டபிள்யூ.பி.ஏ. பட்டம் கழன்றது. 2015இல் டைசன் ஃப்யூரி கிளிட்ச்கோவைத் தோற்கடித்துப் பத்து நாள் வாக்கில் ஐ.பி.எஃப். தன் பட்டத்தை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. 2021இல் ஃப்யூரியும் அந்தோனி ஜோஷுவாவும் மோதுவது முடிவான மாதிரி இருந்தது. ஃப்யூரியோடு ஏற்கெனவே இரண்டு முறை மோதிய வைல்டருக்கு மூன்றாவது சண்டை பாக்கி என்று நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னதும் அது கலைந்தது. ஒப்பந்தத்தில் நாலு வரி, உலகம் காத்திருந்த சண்டை போயிற்று.

கடைசியாக 2024 மே 18, ரியாத், உசிக்கும் ஃப்யூரியும் நான்கு பெல்ட்டுக்கும் மோதிய சண்டை. பிப்ரவரியில் நடக்க வேண்டியது, பயிற்சியில் ஃப்யூரியின் கண்ணுக்கு மேலே கிழிந்ததால் தள்ளிப்போனது. புள்ளி போடும் மூவரின் அட்டைகளை எடுத்துப் பார். 115-112, 114-113 என்று இரண்டு உசிக்குக்கு. 114-113 என்று ஒன்று ஃப்யூரிக்கு. எந்த அட்டையிலும் இருவர் புள்ளியைக் கூட்டினால் 227. சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று 12 சுற்றுக்கும் போட்டால் 228 வர வேண்டும். குறைகிற அந்த ஒரு புள்ளி ஒன்பதாவது சுற்று: ஃப்யூரி தள்ளாடி, கயிறு தாங்கி நிற்க, நடுவர் எண்ணத் தொடங்கினாரே, அதற்காக ஃப்யூரி இழந்த புள்ளிதான். அவர் எண்ணாமல் விட்டிருந்தால் உசிக்குக்கு ஒரு அட்டை, ஃப்யூரிக்கு ஒரு அட்டை, மூன்றாவது 114-114. சண்டை டிரா. 1999க்குப் பிறகு வந்த முதல் ஒரே சாம்பியன் அந்த எண்ணிக்கையில்தான் பிறந்தார். அதுவும் ஐந்தாறு வாரம்தான். ஃப்யூரியோடு மறுமோதல் ஒப்பந்தம் இருந்ததால் ஐ.பி.எஃப். பெல்ட்டை விட்டார், டுபுவாவிடம் போனது, அதைத் திரும்பப் பிடிக்க ஒரு வருடம்.

இனி என்ன? உசிக்குக்கு வரும் ஜனவரியில் 39 வயது. மூன்று பெல்ட் அவரிடம், ஒன்று வார்ட்லியிடம். ஒரே சண்டையில் முடியக்கூடிய கணக்கு, 2026இல் அவர் அதைக் கேட்டால். வழியில் ஒரு முள்: டபிள்யூ.பி.சி. இடைக்காலச் சாம்பியன், அதாவது சாம்பியனோடு மோதக் காத்திருப்பவருக்குத் தரும் பட்டத்தை வைத்திருக்கும் அகிட் கபாயெல். பிப்ரவரியில் ஷாங் ஷிலேயை வீழ்த்தியதிலிருந்து வரிசையில் நிற்கிறார். நியாயமாகப் பார்த்தால் அடுத்த முறை அவருடையது. உசிக் வார்ட்லியைத் தேர்ந்தால் டபிள்யூ.பி.சி. முகம் சுளிக்கும், கபாயெலைத் தேர்ந்தால் நான்காவது பெல்ட் தள்ளிப்போகும்.

உசிக் ஓய்வு பெற்றால் நிலைமை மோசம். மூன்றும் மூன்று திசையில் போகும். வருடத்துக்கு இரண்டு சண்டை என்று வைத்தால் நான்கையும் சேர்க்க ஒன்றரை வருடத்துக்குக் குறையாது, நடுவில் ஒரு காயமும் வராமல் இருந்தால். ஒரே ஆறுதல், வார்ட்லி, டுபுவா, கபாயெல், 21 வயதை எட்டப்போகும் மோசஸ் இட்டவுமா நால்வருமே ஏற்பாட்டாளர் ஃபிராங்க் வாரனின் குவீன்ஸ்பரி நிறுவனத்தின் பக்கம் இருப்பவர்கள். ஏற்பாட்டாளர் சண்டை அவ்வளவு இருக்காது.

எனக்குத் தெரிந்து உறுதியாக வேலை செய்த வழி போட்டித் தொடர். மைக் டைசன் 1986 நவம்பர் 22இல் பெர்பிக்கை, மார்ச்சில் போன்கிரஷர் ஸ்மித்தை, 1987 ஆகஸ்டு 1இல் டக்கரை வென்று ஒன்பது மாதத்துக்குள் மூன்று பெல்ட்டையும் சேர்த்தது ஏற்பாட்டாளர் டான் கிங்கும் எச்.பி.ஓ. தொலைக்காட்சியும் போட்ட தொடரில். உசிக்கே ஹெவிவெயிட்டுக்குக் கீழான குரூசர்வெயிட்டில் நான்கையும் சேர்த்தது 2018இல் இப்படி ஒரு தொடரின் இறுதிச் சண்டையில், மாஸ்கோவில். முதல் மணி அடிப்பதற்கு முன்பே எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். மறுமோதல் ஷரத்து கூடாது. தொடர் முடியும்வரை கட்டாயச் சவாலை நிறுத்தி வைப்பதாக நான்கு அமைப்பும் எழுத்தில் தர வேண்டும். யாராவது காயம் பட்டால் இறங்க மாற்று ஆள் தயாராக நிற்க வேண்டும். சவூதியில் பணம் இருக்கிறது. மனம் வைத்தால் அடுத்த வருடமே செய்யலாம்.

நீயும் இனி அறிவிப்புச் சுவரொட்டியைப் பார்த்துச் சந்தோஷப்படாதே. ஏல நாள் எப்போது, மறுமோதல் ஷரத்து உண்டா, எந்த அமைப்பின் கெடு முதலில் முடிகிறது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு எனக்கு எழுது. உசிக்கா வார்ட்லியா என்று அப்போது பேசுவோம்.

வீட்டில் அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி