ஐஸ் பார் முதல் இழுவலைத் துண்டு வரை தந்தவர்களுக்கு நன்றி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி கரைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

கப்பல் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு, குளிர்கடலில் விழுந்தால் உயிர் பிழைப்பதற்கான பயிற்சி உங்கள் தயவில் நல்லபடியாக முடிந்தது. யாரிடமும் பணம் கேட்கவில்லை. பொருளாகவும் ஆளாகவும் தந்தீர்கள். யார் கொடுத்தது எதற்கு உதவியது என்று சொல்லாமல் வெறும் நன்றி என்றால் பாதிக் கடன் அப்படியே நிற்கும்.

முதலில் ஐஸ் கம்பெனி முதலாளிக்கும், மீன் தொட்டியைக் கழுவிக் கொடுத்த வியாபாரிகளுக்கும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 300 கிலோ ஐஸ் பிடிக்கும். 50 கிலோ பார் என்றால் ஆறு. பந்தல் போட்டாலும் வெக்கை உள்ளே இறங்கும் என்பதால் எட்டு கேட்டோம். முகம் சுளிக்காமல் உடைத்தே அனுப்பினீர்கள். துடுப்பு வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்த தம்பிகளுக்கும் நன்றி. அது வெட்டி வேலையில்லை. ஐஸ் தண்ணீரில் விட்ட கையைச் சுற்றி நீர் அசையாமல் கிடந்தால் தோலை ஒட்டி லேசான சூட்டுப் படலம் நின்றுவிடும். கடலில் அலை அதைக் கழுவிக்கொண்டே போகும்.

தொட்டியில் முழங்கை வரை மட்டும்தான் விடச் சொன்னோம். உடம்பை இறக்கியிருந்தால் மூச்சு திக்கும், நெஞ்சு படபடக்கும். அதை டாக்டர் பக்கத்தில் இல்லாமல் செய்யக்கூடாது. கையை எடுத்ததும் ஒரு கயிறைக் கொடுத்து போலைன் முடிச்சுப் போடச் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டே வலை பொத்தும் விரல்கள் மரக்குச்சியாய் நின்றன. கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடவில்லை. நாங்கள் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் ஏறாதது அந்தத் தொட்டியில் ஏறிவிட்டது.

நீச்சல் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்பது நம் வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) கணக்கு. துருவக் கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி வரை உறையாமல் கிடக்கும். அதில் விழுந்தவனுக்குக் கணக்கு 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சு தன்னால் இழுக்கும். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதோடு சரி. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அதாவது குளிரில் விறைத்துச் சாவதற்கு நெடுநேரம் முன்பே, லைஃப் ஜாக்கெட் இல்லாதவன் கை ஓய்ந்து மூழ்கிவிடுவான். விசில், விளக்கு, கொக்கி, முடிச்சு எல்லாவற்றையும் தண்ணீரில் இறங்கும் முன்பே சரி செய்துவிட வேண்டும்.

குளிர்நீரில் உயிர்காக்கும் முழு உடுப்பான இம்மர்ஷன் சூட்களில் பழையவற்றைக் கொடுத்த கீழக்கரை காக்காமாருக்கு (அண்ணன்மாருக்கு) தனி நன்றி. காப்புப் பஞ்சு வைத்த சூட், 0 முதல் 2 டிகிரி தண்ணீரில் 6 மணி நேரம் கிடந்தாலும் உள்ளுடம்புச் சூடு 2 டிகிரிக்கு மேல் இறங்காமல் காக்க வேண்டும். 2 நிமிடத்துக்குள் துணையில்லாமல் மாட்ட முடிய வேண்டும். இதுதான் சர்வதேச விதி. தரையில் உட்கார்ந்து முதலில் கால். பூட்ஸில் பிளாஸ்டிக் பையைச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு பழக்கமில்லாத கை, தலைமூடி, கடைசியாகப் பழகிய கை. ஜிப்பை இழுத்து முகமூடியை ஒட்டியதும் குந்தி உட்கார்ந்து உள்ளே இருக்கும் காற்றைக் கழுத்து வழியே வெளியேற்ற வேண்டும். விட்டால் காற்று காலுக்குப் போய்த் தலைகீழாய்ப் புரட்டும். காக்காமார் கொடுத்ததில் ஒன்றில் ஜிப் பல் உப்பேறி இறுகியிருந்தது, இன்னொன்றில் தையல் பசை விட்டிருந்தது. அவையே நல்ல பாடமாயின. ஜிப்புக்கு மெழுகு பூசி மாதம் ஒருமுறை பார்க்கணும். மூன்று ஆண்டுக்குள் ஒருமுறையாவது காற்றடித்துச் சோப்பு நீர் பூசி ஓட்டை தேடணும். சூட் வைத்த பையின் முத்திரை உடையாமல் இருக்கிறதே என்று நம்பி விடுவதுதான் கப்பல்களில் நடக்கிற தப்பு.

லைஃப் போட் இன்ஜின் பற்றிச் சொல்லித்தந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஐயாவுக்கு நன்றி. மைனஸ் 15 டிகிரியில் 2 நிமிடத்துக்குள் அது கிளம்ப வேண்டும் என்ற விதியை, துறைமுக வெயிலில் ஸ்டார்ட் செய்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதில் என்ன அர்த்தம் என்று கேட்டாரே, சரியான கேள்வி. 2007 நவம்பர் 23 அன்று அண்டார்டிகா அருகே ‘எக்ஸ்ப்ளோரர்’ சுற்றுலாக் கப்பல் மூழ்கியபோது 154 பேரும் திறந்த படகுகளில் மணிக்கணக்காய்க் காத்திருந்து, ‘நோர்ட்நோர்கே’ என்ற நார்வே கப்பல் வந்து ஏற்றியதால் பிழைத்தார்கள். கடல் அன்று சாதுவாக இருந்தது, பக்கத்தில் கப்பலும் இருந்தது. 2017 முதல் நடைமுறையில் உள்ள துருவக் கப்பல் விதி அந்த அதிர்ஷ்டத்தை நம்புவதில்லை: படகு பாதியாவது மூடியதாக இருக்கணும், மீட்பு வர எப்படியும் 5 நாளாகும் என்று எண்ணித்தான் எல்லாம் ஏற்ற வேண்டும்.

வல்லப் படகும் இழுவலைத் துண்டும் தந்த தங்கச்சிமடம் அண்ணன்மாரே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! குளிரில் கிடந்தவனைக் கக்கத்தில் பிடித்து நிமிர்த்தித் தூக்கினால், இவ்வளவு நேரம் காலை அழுத்திக்கொண்டிருந்த தண்ணீரின் பிடி விட்டு ரத்தம் கீழே இறங்கும். படகேறிய பிறகு இதயம் நின்றுபோவது அதனால்தான். வலையின் ஒரு ஓரத்தைப் படகின் வங்குச் சட்டத்தில் கட்டி, மறு ஓரத்தை ஆளுக்கு அடியில் விட்டு இருவர் ஒரே சீராக இழுத்தால், படுத்தபடியே உருண்டு உள்ளே வந்துவிடுவான். விரல் சிக்காத சின்னக் கண்ணியாகப் பார்த்துக் கொடுத்தது உங்கள் கைப்பழக்கம். மூச்சில்லாதவனுக்கு இந்த நிதானம் கிடையாது. எப்படியாவது சீக்கிரம் தூக்க வேண்டும்.

நர்ஸம்மா சொன்னதையும் இங்கே பதிகிறோம். கைகாலைத் தேய்க்கக் கூடாது, நடக்கவிடக் கூடாது, சாராயம் கூடவே கூடாது. அது தோல் ரத்தக்குழாயை விரித்து மிச்சச் சூட்டையும் வெளியேற்றும். ஈரத்துணியைக் கத்தரித்து எடுத்து, போர்த்தி, துணி சுற்றிய வெந்நீர்ப் பையை நெஞ்சிலும் அக்குளிலும் வைக்கணும். நல்ல நினைவிருந்தால் மட்டும் இனிப்பான வெதுவெதுப்புப் பானம். நாடி தெரியவில்லை என்று சட்டென்று கைவிடாமல் ஒரு நிமிடம் வரை பார்க்கணும். 1999இல் நார்வேயில் அன்னா போகன்ஹோல்ம் என்ற பெண் உள்ளுடம்பு 13.7 டிகிரிக்கு இறங்கியும் பிழைத்தார்.

கஞ்சியும் துவையலும் செய்து தந்த அக்காமார், ராத்தாமாருக்கும், ஒலிபெருக்கி கட்டிய தம்பிக்கும் நன்றி.

வலையைத் திருப்பிக் கொண்டுவந்தபோது வல்லக்கார அண்ணன் வாங்கவில்லை. வங்கிலேயே சுருட்டிக் கட்டச் சொன்னார். அவர் சொன்னது சரி. நம் கடலிலும் இரவெல்லாம் மிதந்தவரை இப்படித்தான் படுக்கவைத்துத் தூக்க வேண்டும். மற்ற படகுக்காரர்களுக்கு வலைத் துண்டு வெட்டிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். பக்கத்தில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் பெயின்டில் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
பயிற்சி நடத்திய கப்பல்காரர்கள்