சேலம் அடுக்குமாடிச் சங்கங்களுக்கு: அந்த 3.6 மீட்டரை விட்டுவையுங்கள்

சேலத்து அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நகரில் ஒரு குடியிருப்பில் லிப்ட் பக்கத்தில், மாற்றுத்திறனாளி கார் நிறுத்த ஒதுக்கிய இடத்தின் தரையில் இருந்த நீலச் சக்கர நாற்காலிப் படத்தின் மேல் சாம்பல் பெயிண்ட் அடித்து, 'விருந்தினர் வாகனம்' என்று எழுதிவிட்டார்கள். ஏற்காட்டில் கோடை விழா, உறவினர் வருவார்கள், கார் நிறுத்த இடம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அங்கே குடியிருக்கும் மாற்றுத்திறனாளிக்குப் பின்வரிசையில், இரண்டு தூண்களுக்கு நடுவே மாற்று இடம் கொடுத்திருக்கிறார்கள். "அதிலும் கார் நிற்குமே" என்கிறார்கள். கார் நிற்கும். அவர் இறங்க முடியாது.

வழக்கமான கார் இடம் 2.5 மீட்டர் அகலம். சின்னக் காரே 1.6, 1.7 மீட்டர் வந்துவிடும். நட்டநடுவே நிறுத்தினாலும் பக்கத்துக்கு 40, 45 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். நடக்கிறவர் கதவைக் கால்வாசி திறந்து, உடம்பை ஒடுக்கி வந்துவிடுவார். சக்கர நாற்காலியில் போகிறவருக்குக் கதவு முழுக்கத் திறந்தாக வேண்டும். ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் அகலமுள்ள நாற்காலியை இருக்கையை ஒட்டிச் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டு, கையை ஊன்றி உடம்பைத் தூக்கி மாற வேண்டும். தரை சரிவாக இருந்தால் அந்த நொடியில்தான் நாற்காலி நழுவும். அதனால்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் 3.6 மீட்டர் அகலம் கேட்கின்றன: காருக்கு 2.4, இறங்க 1.2. கட்டட நுழைவிலிருந்து 30 மீட்டருக்குள் என்றும் சொல்கின்றன.

இறங்குவதைவிட ஏறுவது கொடுமை. இரவு காலியாக இருந்த பக்கத்தில் காலையில் ஒரு கார் ஒட்டி நின்றால், அதன் சொந்தக்காரர் குளித்து, சாப்பிட்டு, சாவியோடு இறங்கி வரும்வரை இவர் காத்திருக்க வேண்டும். பிசியோதெரபிக்கு வாங்கிய நேரமும் அலுவலக நேரமும் அவருக்காகக் காத்திருப்பதில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்த இடத்தைத் தேவை உள்ளவருக்குப் பொதுக்குழுத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். விருந்தினருக்காக அதை எடுக்காதீர்கள்.

நல்லெண்ணத்தோடு செய்வதிலும் தவறு நடக்கிறது. மற்றவர் நிறுத்தாமல் இருக்கச் சில சங்கங்கள் மடக்குக் கம்பி நட்டுப் பூட்டுப் போடுகின்றன. பூட்டைத் திறக்க, தானே காரோட்டி வருபவர் நடுப்பாதையில் நாற்காலியை இறக்க வேண்டும். கம்பி வேண்டாம். தரையில் மஞ்சள் கோடு, சுவரில் பலகை, வாட்ச்மேனுக்குத் தெளிவான உத்தரவு போதும். கோடு போடும்முன் அவரிடம் கேளுங்கள். தானே ஓட்டினால் வலப்பக்கம் இறங்குவார், இன்னொருவர் ஓட்டினால் இடப்பக்கம். ரிவர்ஸில் நிறுத்தினால் அந்தப் பக்கமும் மாறிவிடும்.

நம் ஊரில் காரைவிட அதிகம் ஓடுவது பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். அரசே இலவசமாகக் கொடுக்கிறது. அதைச் சங்கங்கள் பைக் வரிசையில் நிறுத்தச் சொல்கின்றன. பைக்குக்கு ஒரு மீட்டர் அகலம். பக்கச் சக்கரங்களோடு இது அதில் அடங்காது. பெரும்பாலானவற்றில் ரிவர்ஸ் கியரும் இல்லை. காலை ஊன்றிப் பின்னால் தள்ள முடியாதவருக்கு, முன்புறமாக நுழைந்து முன்புறமாகவே வெளியேறும் இடம் வேண்டும். பின்னால் நான்கு பைக்குகளை அடைத்துவிட்டால் அவர் அங்கேயே சிக்கிக்கொள்வார்.

இடமே இல்லை என்பவர்கள் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். நடுவில் தூண் இல்லாமல் அடுத்தடுத்த மூன்று கார் இடங்கள் 7.5 மீட்டர். அதில் கார், நடுவே 1.2 மீட்டர் பாதை, மறுபடி கார் என்று 6 மீட்டரில் இரண்டு மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் வந்துவிடும். மீதி 1.5 மீட்டரில் ஒரு பக்கச் சக்கர ஸ்கூட்டர் நிற்கும்.

"எல்லா இடமும் விற்றாகிவிட்டது" என்ற பதிலையும் கேட்கிறோம். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி திறந்தவெளி பார்க்கிங் பொதுப்பகுதி, அதைத் தனியாக விற்க முடியாது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றே தரக்கூடாது என்கிறது. சான்று வாங்கும் நாள்வரை நீலப் படம் இருக்கிறது, அப்புறம் மறைந்துவிடுகிறது. சாய்தளமும் அப்படித்தான். 60 சென்டிமீட்டர் உயர வாசலுக்கு 1:12 (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) கணக்கில் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு மீட்டரில் பைக் ஏற்றுவதற்காகக் கட்டி, அதன்மேல் பூந்தொட்டியும் வைக்கிறார்கள். அதில் நாற்காலி ஏறினால் பின்பக்கமாகக் கவிழும். கண்ணெதிரே இதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக எழுதுவது கடினமாக இருக்கிறது.

பேச்சு விலகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வையுங்கள். யாருக்குத் தேவை என்று மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீடு வாடகையா சொந்தமா என்று பார்க்காதீர்கள். தேவை உள்ளவருக்கு அந்த இடத்தை எழுதிக் கொடுங்கள். சாம்பல் பெயிண்ட் அடித்த சங்கத்தாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: விழாக் கூட்டம் ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த நீலப் படத்தைத் திரும்ப வரைந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சேலத்தில் வாழும் மாற்றுத்திறனாளிகள், குடும்பத்தினர்