வாப்பாவின் நோட்டும் உன் மகனின் செயலியும்

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மூட்டு வலிக்கான சூரிஞ்சான் மாஜூனை (லேகியத்தை) விடாமல் கொடு, ஆனால் வயிறு இளகினால் அன்றைக்கே நிறுத்திவிடு. இங்கே என் மகளுக்கு அரும்பாக்கத்தில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி தொடங்கிவிட்டது. நாம் படித்த அதே யுனானி மருத்துவக் கல்லூரி. கேன்டீன் டீ மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் மிஸாஜ், அதாவது உடம்பின் தன்மை, கண்டுபிடிக்கும் செயலி செய்கிறான், கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நீ தமவீயா (ரத்தம்), பல்கமீயா (சளி), ஸஃப்ராவீயா (பித்தம்), ஸவ்தாவீயா (கரும்பித்தம்) என்று போன் சொல்லிவிடும் என்கிறாய். பையன் கெட்டிக்காரன், சந்தேகமில்லை. ஆனால் தப்பான முனையிலிருந்து தொடங்கியிருக்கிறான் என்று படுகிறது. மிஸாஜ் பார்க்கப் பத்து அடையாளங்கள் என்று மனப்பாடம் செய்தோமே, தொட்டால் எப்படி இருக்கிறது, சதையும் கொழுப்பும், முடி, நிறம், உடல்வாகு என்று போகும் அந்தப் பட்டியல். அதில் பாதி ஹகீமின் (யுனானி மருத்துவரின்) கையும் கண்ணும் பார்த்துச் சொல்ல வேண்டியவை. செயலி அதை நோயாளியிடமே கேட்கிறது. மே மாதச் சென்னையில் “உங்கள் உடம்பு சூடா, குளிர்ச்சியா?” என்று கேட்டால் ஊரே சூட்டுத் தன்மையுள்ள ஸஃப்ராவீ ஆகிவிடும்.

போன வருஷம் நாடிக் கருவி விற்கும் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். மணிக்கட்டில் பட்டையைக் கட்டினார், லேப்டாப்பில் அலை ஓடியது. துடிப்பின் வேகம், இடைவெளி, அலையின் உயரம் எல்லாம் துல்லியமாக வந்தன. நப்ஸின் (நாடியின்) பத்து அம்சங்களில் இந்த மூன்று நான்கை அது என் விரலைவிட நுணுக்கமாகவே பிடிக்கும், அதை மறுக்கமாட்டேன். குழாய் மெத்தென்று இருக்கிறதா விறைப்பா, தொட்ட இடம் சூடா, ஈரமா என்பதெல்லாம் அந்த அலையில் இல்லை. பழைய மருத்துவ மேதை இப்னு ஸீனா மானின் துள்ளல், எறும்பின் ஊர்தல், எலிவால் என்று பெயர் வைத்த நாடிகளை எந்தக் கோட்டில் தேடுவது? கடைசியில் பல்கம் இத்தனை சதவீதம் என்று ஒரு காகிதம் அச்சாகி வந்தது. எதோடு ஒப்பிட்டு இந்தச் சதவீதம் என்று கேட்டேன். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

கோளாறு மிஷினில் மட்டும் இல்லை, மச்சான். ஒரே ஆளின் நாடியை நீயும் நானும் தனித்தனியாகப் பார்த்து எழுதி மூடி வைத்தால் எத்தனை தடவை ஒத்துப்போகும்? முதலில் இதை அளக்க வேண்டாமா? நமக்குள்ளேயே ஒத்துப்போகாததை மிஷினுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

நம் தொழிலுக்கு விரலில் குறை இல்லை, ஞாபகத்தில்தான் குறை. திரும்பி வராத நோயாளி குணமாகிவிட்டான் என்று உஸ்தாதுமார் முதல் நாம் வரை நம்பிக்கொண்டிருக்கிறோம். அவன் வேறு டாக்டரிடம் போயிருக்கலாம், மருந்து கசக்கிறதென்று கொட்டியிருக்கலாம். இப்போது என் கம்ப்யூட்டரில் இருப்பது சாதாரண அட்டவணைதான்: பெயர், போன் நம்பர், நோய், கொடுத்த மருந்து, கூடவே சாப்பிடும் அலோபதி மாத்திரை, மறுபடி வர வேண்டிய தேதி. தேதி தாண்டியவர்களின் பெயர் சிவப்பில் நிற்கும். கம்பவுண்டர் பையன் மாலையில் போன் போட்டுக் கேட்பான். வரும் பதில்கள் எல்லாம் இனிப்பாக இல்லை, ஆனால் எந்த மருந்து யாருக்குக் கேட்கிறது என்று இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது. உன் மகனை முதலில் இதைச் செய்யச் சொல்.

பரஸ் (வெண்புள்ளி) நோயாளிகளுக்குத்தான் இதில் பெரிய லாபம். அதற்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். மாற்றம் அவ்வளவு மெதுவாக வருவதால் தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை அழைத்து வந்த தாய், ஒன்றும் பலனில்லை, நிறுத்திவிடுகிறோம் என்றார். முதல் நாள் படத்தையும் அன்று எடுத்ததையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். முழங்காலில் வெள்ளைத் திட்டுக்குள், மயிர்க்கால் இருக்கும் இடத்தில் மட்டும், கடுகைவிடச் சின்னதாகப் பழுப்புப் பொட்டுகள். நிறம் திரும்புவது பெரும்பாலும் அப்படித்தானே தொடங்கும். அந்தப் பெண் திரையைத் தொட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள். மருந்து தொடர்கிறது.

இதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டாம். காலை வெளிச்சம் விழும் அதே ஜன்னல், அதே தூரம், திட்டின் ஓரமாக ஒரு ஸ்கேல், பின்னால் நீலத் துணி. நோயாளிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை மட்டும் நம்பாதே. போனில் இருக்கும் அழகு ஃபில்டர் நாம் பூசக் கொடுக்கும் கார்போகரிசி விதை மருந்தை முந்திக்கொண்டு திட்டை மறைத்துவிடுகிறது! ஆனால் கார்போகரிசி பூசிய இடத்தில் வெயில் அதிகம் பட்டுக் கொப்புளம் வந்தால் அன்றைக்கே படம் வந்துவிடுகிறது, உடனே நிறுத்தச் சொல்ல முடிகிறது. அப்புறம், இந்தப் படங்களுக்கென்று தனி போன் வைத்துக்கொள். பேரப்பிள்ளைகள் கையில் போகும் போன் கூடாது.

2020இல் ஊரடங்கு சமயம் ஆயுஷ் மருத்துவர்களும் தொலைபேசி வழி பார்க்கலாம் என்று வழிமுறை வந்ததே, அப்போது காரூராவை (சிறுநீரை) கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் படம் அனுப்பினார்கள். டியூப் லைட்டில் ஒரு நிறம், பல்பில் ஒரு நிறம். அதை அன்றோடு விட்டேன். பழைய நோயாளிக்கு மருந்தளவு மாற்ற, பத்தியம் சொல்ல, போன் நன்றாக உதவுகிறது. புதிய ஆளை நேரில் தொட்டுப் பார்க்காமல் மருந்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நோய்க் குறியீடு பற்றியும் கேட்டிருந்தாய். பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் பயன் உண்டு. ஆயுஷ் அமைச்சகத்தின் நமஸ்தே தளத்தில் யுனானி நோய்ப் பெயர்களுக்குக் குறியீடு இருக்கிறது. 2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-11இல் ஆயுர்வேதம், சித்தா, யுனானி மூன்றுக்கும் சேர்த்து ஒரு பிரிவே வெளியிட்டது. நீ கீழக்கரையில் எழுதும் வஜவுல் மஃபாஸிலும் (மூட்டு வலியும்) ஹைதராபாத்தில் ஒருவர் எழுதுவதும் ஒரே கணக்கில் ஏறும்.

மென்பொருளில் ஒரு இடத்தில் மட்டும் மகனின் காதைத் திருகிச் சொல். நம் பழைய எடைகளில் மாஷாவைக் கிராம் என்று எடுத்துக்கொண்டால் பெரிய வித்தியாசம் வராது, 0.97 கிராம்தான். ரத்தி அப்படியல்ல, 121 மில்லிகிராம். அஸாரகீ மாத்திரையில் இருப்பது சுத்தி செய்த எட்டிக்கொட்டை, விஷச் சரக்கு. தசமப் புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் நோயாளி வலிப்போடு ஆஸ்பத்திரியில் கிடப்பார். இந்த மாதிரி மருந்துகளுக்கு உச்ச அளவைத் தாண்டினால் கணினி பூட்டிக்கொள்ள வேண்டும், நீயே ஆனாலும்.

கடைசியாக உன் வாப்பா மருந்து முறைகளை எழுதிவைத்த நோட்டு. மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்து, நம்மவர்கள் ஆட்சேபித்து 1997இல் ரத்தானது நினைவிருக்கிறதா? அதன் பிறகு 2001இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகத்தில் அரபி, பார்சி, உருது நூல்களின் யுனானி நுஸ்காக்கள் (மருந்துக் குறிப்புகள்) ஏறியிருக்கின்றன. அச்சேறாத வீட்டு நோட்டுகளை யார் வந்து ஏற்றுவார்கள்? வாப்பா எழுதியது அரபுத்தமிழில் வேறு, அரபி எழுத்தில் தமிழ். நீ அனுப்பிய ஒரு பக்கத்தைப் போனை வைத்துப் படிக்கப் பார்த்தேன். அது அரபி என்று நினைத்து என்னென்னமோ உளறியது. படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மகனை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் வாசிக்கும்போது ஒலிப்பதிவு செய்யச் சொல். பக்கங்களை ஓரம் வெட்டாமல் படம் எடுக்கட்டும். அளவை அடித்துத் திருத்தியது, “இது கேட்கவில்லை” என்று குறித்தது எல்லாம் வாப்பா ஓரத்தில்தான் எழுதியிருக்கிறார்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, சுருங்கிவிடும். பென் டிரைவில் போட்டு, மருமகன் அடுத்த முறை சென்னை வரும்போது கொடுத்தனுப்பு. கூடவே கொஞ்சம் கருவாடும்.

உம்மாவுக்கு என் சலாம்.

உன் அன்பு நண்பன்