பெரியம்மாவும் அம்மாதான்: ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விரிவுரையாளர்களே, ட்யூட்டர்களே,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித் தருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பூர்வகுடி மாணவர் மையத்திலிருந்து ஓர் உதவி அலுவலர் போன் செய்தார். மாணவி ஒருத்தி அம்மாவின் சாவுக்கு ஊருக்குப் போயிருக்கிறாள், அசைன்மென்ட்டுக்கு இரண்டு வாரம் அவகாசம் வேண்டும் என்றார். "போன செமஸ்டரிலும் அம்மா இறந்ததாகத்தானே சொன்னாள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பல பூர்வகுடிச் சமூகங்களில் அம்மாவின் அக்கா தங்கைகளும் அம்மாதான் என்று பொறுமையாக விளக்கினார். அதை எத்தனையாவது முறையாகச் சொல்கிறாரோ! பெரியம்மா, சின்னம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவனுக்கு அதை இன்னொருவர் விளக்க வேண்டியிருந்தது. மதுரையில் பெரியம்மா இறந்தபோது, லீவு படிவத்தின் 'நெருங்கிய குடும்பம்' பட்டியலில் அவருக்கு இடமில்லாததால் 'அம்மா' என்றே எழுதிக் கொடுத்தவன் நான். (அம்மா அப்போது நன்றாகத்தான் இருந்தார்.)

இந்தத் துக்க காலத்தைப் பூர்வகுடி மக்கள் 'சாரி பிசினஸ்' என்கிறார்கள். அடக்கம் செய்ததும் கிளம்பி வந்துவிட முடியாது. பதினாறாம் நாள் வரை வீட்டில் இருந்து பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமா?

ஆரம்பகாலப் பூர்வகுடி மாணவர்களான மார்கரெட் வில்லியம்ஸ்-வியர் 1959இல் மெல்பர்னில் பட்டயமும், சார்ல்ஸ் பெர்கின்ஸ் 1966இல் சிட்னியில் பட்டமும் பெற்றபோது இப்படிப் போன் செய்ய ஒரு மையம் கிடையாது. இன்று மெல்பர்னில் முருப் பராக், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் நுரா கிலி என்று பல இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் டியூஷன் சென்டர் மாதிரித் தெரியும். உள்ளே ஆப்ஸ்டடி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்புவதும், தங்க அறை தேடுவதும், இரவல் லேப்டாப் வாங்கித் தருவதும், மூன்று நாளாகப் போன் எடுக்காத பையனைத் தேடிப் போவதும் நடக்கின்றன. ஆனால் உங்கள் வகுப்பில் யார் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

அதனால் கேட்பது ஒன்றுதான். முதல் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு மாணவர் தென்படவில்லை என்றால் அப்போதே மையத்துக்குச் சொல்லுங்கள். 'சென்சஸ் தேதி', அதாவது கட்டணமில்லாமல் பாடத்தை விடுவதற்கான கடைசி நாள், தாண்டினால் (பல இடங்களில் முதல் செமஸ்டருக்கு அது மார்ச் 31) பாடத்தை விட்டாலும் கட்டணம் கடனாகத் தலையில் ஏறிவிடும். அசைன்மென்ட் வரவில்லை என்று மே மாதம் நீங்கள் அனுப்பும் மெயிலை வைத்துக்கொண்டு அந்த அலுவலர் என்ன செய்வார்? அவகாசம் கேட்டால் மரணச் சான்றிதழ், உறவு முறை என்று குடையாதீர்கள். அலுவலரின் ஒரு வரி போதும்.

இது சலுகை இல்லையா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நம்மூர் வாதம், எனக்கும் பழக்கம்தான். சரி, நடந்ததைச் சொல்கிறேன். அந்த மாணவி பதின்மூன்றாம் நாளே அசைன்மென்ட்டைக் கொடுத்துவிட்டாள். வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர் எழுதவில்லை. இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

அன்புடன்,
ஒரு புள்ளியியல் ட்யூட்டர்