'இயற்கை மாத்திரை'க்கும் நேரம் உண்டு

ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில், தூக்கத்துக்குப் போடும் மெலடோனின் மாத்திரை பற்றி ஒரு குறிப்பு வந்தது. 'உடம்பே சுரப்பதுதான், பயமில்லை' என்ற வரியை என் தம்பி கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி விசைப்படகு டிரைவர். திங்கள், புதன், சனி கடலுக்குப் போக டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. போன வாரம் ஒரு முறை வலை இழுத்து முடிந்து அடுத்த முறை இழுப்பதற்குள் கொஞ்சம் கண்ணயரலாமென்று படகிலேயே ஒரு மாத்திரை போட்டிருக்கிறான், 10 மில்லிகிராம். அப்புறம் சுக்கானைப் பிடித்தபடியே தலை தொங்கிவிட்டது. வலைக்காரப் பையன் உலுக்கி எழுப்பினானாம். கேட்டால், "இயற்கைதானேக்கா" என்கிறான்.

நான் மதுரையில் விலங்கியல் படித்தவள். அங்கே காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன், கடிகாரமும் ஜன்னலும் இல்லாத அறையில் ஆட்களைத் தங்கவைத்து, தூக்கத்தையும் விழிப்பையும் உள்ளிருந்தே நடத்தும் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தவர். அதற்கும் முன்னால், அலையோர மணலில் புதையும் சிறு நண்டுகளைப் பிடித்துவந்து, அலையே இல்லாத ஆய்வகத்திலும் அவை கடல் ஏறி வற்றும் நேரப்படியே நீந்துவதைக் கண்டவர். நண்டுக்கே உள்ளே ஒரு கடிகாரம் உண்டென்றால் தம்பிக்கு இருக்காதா?

மெலடோனின், இருட்டியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி உடம்புக்கு அனுப்பும் சேதி. கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைந்துபோகும். மாத்திரையாக எடுத்தால் 0.3 மில்லிகிராமே இரவில் ரத்தத்தில் இருக்கும் அளவைத் தந்துவிடும். நேரம் அதைவிட முக்கியம்: சாயங்காலம் போட்டால் உடற்கடிகாரம் முன்னே நகரும், விடிகாலையில் போட்டால் பின்னே தள்ளும். வாரத்தில் மூன்று ராத்திரி விழிக்கிறவன் கண்ட நேரத்தில் போட்டால் உடம்பு எந்தப் பக்கம்தான் போகும்?

இப்போது கரையேறியதும் கண்ணில் வெளிச்சம் படாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஜன்னலில் பழைய குடைத்துணியைக் கட்டியாயிற்று. தகரக் கூரையின் வெக்கைக்குத்தான் வழி தெரியவில்லை. அம்மா தூக்கத்துக்கென்று அமுக்கரா (அஸ்வகந்தா) பொடியைப் பாலில் கலக்கித் தருகிறாள்; சரி, அம்மா கை மருந்து. டாக்டரைக் கேட்காமல் அதையும் மாத்திரையையும் சேர்க்காதே என்றேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இவனுக்கு ஒரு மருந்தும் தேவைப்படவில்லை. நாலாம் நாளே ஒன்பது மணிக்குக் குறட்டை.

அடுத்த முறை எழுதும்போது எவ்வளவு, எந்த நேரம், போட்டபின் படகோ லாரியோ ஓட்டக் கூடாது என்பதையும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள். கிழித்து வைத்துக்கொள்ள அவனுக்கும் வசதி.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மண்டபம்.