ரோஃபுஸ் ஒரே படத்தோடு ஓய்ந்தவரா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நூலக மாடியில் மாதந்தோறும் நீங்கள் நடத்தும் குறும்படத் திரையிடல் இன்னும் நின்றுபோகவில்லை என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம். மகன் பணி மாறுதலில் கோவைக்குப் போன பிறகு வீட்டில் சந்தடி குறைந்து, படம் பார்க்கவும் கடிதம் எழுதவும் எனக்குப் பொழுது கூடியிருக்கிறது.

ஹங்கேரி இயக்குநர் ஃபெரென்ட்ஸ் ரோஃபுஸின் 'ஈ' படத்தைத் திரையிட்டதாகவும், அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று பார்வையாளர் ஒருவர் கேட்டபோது, ஒரே படத்தில் புகழ் பெற்று ஓய்ந்துபோனவர் என்று நீ சொல்லிவைத்ததாகவும் எழுதியிருந்தாய். அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. அவருடைய படங்களை வரிசையாகப் பார்த்தால், அழியப்போகும் ஒன்றின் இடத்தில் நின்று பார்த்தால் உலகம் எப்படியிருக்கும் என்ற ஒரே கேள்வியை விடாமல் துரத்திய ஒருவரைத்தான் காண்கிறேன்.

ரோஃபுஸ் 1946இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1968இல் அந்நகரின் பன்னோனியா அனிமேஷன் கூடத்தில் சேர்ந்தார். அது அரசு நிறுவனம். தொலைக்காட்சிக்கான தொடர்களையும் விளம்பரங்களையும் எடுத்துக்கொண்டிருந்த அதே கூடத்தில், இயக்குநர்கள் தங்கள் சொந்தக் கற்பனையில் சில நிமிடக் குறும்படங்களை எடுக்கவும் இடமிருந்தது. வசூலைப் பற்றிய கவலை இல்லை; கவலையெல்லாம் மேலிடத்தைப் பற்றியதுதான். அன்று ஹங்கேரியை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் யானோஷ் காடாரின் ஆட்சியில் கலைப் படைப்புகளை ஆதரிக்கத்தக்கவை, சகித்துக்கொள்ளத்தக்கவை, தடை செய்ய வேண்டியவை என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வசனமே இல்லாத ஒரு கார்ட்டூனை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அதிகாரிகள் குழம்பியிருந்தால் வியப்பில்லை. அந்தக் குழப்பம் பல நல்ல படங்களைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் ஊகம்.

'ஈ' 1980இல் வந்தது. படத்தின் நீளம் ஏறக்குறைய மூன்று நிமிடம். நீ அதைப் பார்த்தவன் என்பதால், வீட்டுக்குள் நுழைந்து துரத்தப்பட்டுச் சாகும் ஈயின் கதையை விவரிக்கப் போவதில்லை. அது எடுக்கப்பட்ட விதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய துணிச்சல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கையால் வரையும் அனிமேஷனில், பின்னணியை ஒருமுறை தீட்டிவிட்டு, அதன்மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாள்களில் பாத்திரத்தை மட்டும் மாற்றி மாற்றி வரைவதே வழக்கம். உழைப்பை மிச்சப்படுத்துவதற்காகவே உருவான முறை அது. ரோஃபுஸின் படத்திலோ பாத்திரம் திரையில் இல்லை. ஈயின் கண்தான் கேமரா. அது திரும்பினால் மரம், சுவர், சன்னல், தரை எல்லாம் ஒருசேரச் சாய்கின்றன. ஆகவே ஒருமுறை வரைந்த பின்னணியை மறுமுறை பயன்படுத்த வழியே இல்லை. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் மூன்று நிமிடத்திற்கு 4,320 ஃபிரேம்கள் வேண்டும். ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துப் படம்பிடித்தாலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முழு ஓவியங்கள் தேவைப்படும்; அவை ஒவ்வொன்றிலும் அறையின் கோணம் சற்றே மாற வேண்டும், ஓரங்கள் ஈயின் பார்வைக்கேற்ப வளைந்து புடைத்திருக்க வேண்டும். இன்று கணினியில் கேமராவைச் சுழற்றிவிட்டு இதை எளிதாகப் பெற்றுவிடலாம். அன்று ஒவ்வொரு கோட்டையும் கை போட வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடுபட்டதன் பயன் என்னவென்றால், பார்ப்பவருக்குத் தப்பி நிற்க இடமில்லாமல் போகிறது. ஈயை ஓர் ஓரத்தில் காட்டியிருந்தால் அதற்காக இரங்கிவிட்டு எழுந்து போயிருப்போம். இங்கே துரத்தப்படுவது நாம். காதில் விழுவது ரீங்காரமும் காலடியோசையும்தான். நம் மனத்தை ஆற்றவோ தூண்டவோ இசை கிடையாது. அத்தனை ஈக்களை அடித்துக் கொன்ற கை நம்முடையது என்பதும் நினைவுக்கு வராமல் போகாது.

1981இல் அதற்கு அனிமேஷன் குறும்படத்திற்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. ஹங்கேரியப் படம் ஒன்று பெற்ற முதல் ஆஸ்கர் அதுதான். இன்னொரு ஹங்கேரி இயக்குநரான இஷ்த்வான் சாபோவின் 'மெஃபிஸ்டோ' மறு ஆண்டுதான் வென்றது. அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்டதால் அவ்வாண்டு விழா ஒரு நாள் தள்ளி, மார்ச் 31 அன்று நடந்தது. ரோஃபுஸ் அங்கே இல்லை. அவர் பயணம் செய்ய அனுமதி கிடைக்கவில்லை. படங்களை வெளிநாடுகளில் விற்கும் அரசு நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் மேடையேறி விருதைப் பெற்றுக்கொண்டார். சிலை பின்னரே உரியவர் கைக்கு வந்தது. அந்த விருதுக்குப் போட்டியிட்டவர்களில் கனடாவின் ஃப்ரெடெரிக் பாக்கும் ஒருவர். அடுத்த ஆண்டே அவரும் வென்றார் என்பதால் அவருக்காக வருந்த வேண்டியதில்லை.

பெரும்பாலோர் ரோஃபுஸை இந்த இடத்தோடு மறந்துவிடுகிறார்கள். நீயும் அப்படித்தான் செய்திருக்கிறாய். 1982இல் அவர் 'முட்டுச்சந்து' என்று நாம் சொல்லத்தக்க 'ஹோல்ட்பொன்ட்' படத்தை எடுத்தார். துப்பாக்கிகளுக்கு முன் நிறுத்தப்பட்ட மரண தண்டனைக் கைதியின் கண்வழியாகவே காட்சி விரிகிறது. உத்தி பழையதுதான். ஆனால் ஈயைக் கொன்றது ஒரு மனிதரின் எரிச்சல் என்றால், இங்கே கொல்வது ஆணைக்குக் கட்டுப்பட்டு வரிசையில் நிற்கும் அமைப்பு. 1984இல் வந்த 'ஈர்ப்பு விசை' இன்னும் ஒரு படி மேலே போகிறது. மரத்தில் தொங்கும் ஆப்பிள் ஒன்று கிளையிலிருந்து விடுபடத் துடிக்கிறது. போராடி, இறுதியில் விடுபட்டும் விடுகிறது; கீழே விழுந்து சிதறுகிறது. இங்கே கொலையாளி இல்லை, துரத்துபவர் இல்லை. விரும்பியது நிறைவேறியதுதான் அழிவு.

மூன்றில் இதையே சிறந்ததென்று நான் கருதுகிறேன். 'ஈ' அளவுக்கு இது கண்ணைப் பிரமிக்க வைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் முதல் இரண்டிலும் பழியை யார்மீதாவது சுமத்திவிட்டு நாம் வெளியே வந்துவிடலாம். இதில் அது முடிவதில்லை. கிளையை அரசு என்று கொள்பவர்கள் உண்டு. அப்படிக் கொண்டால், விடுதலை வேண்டாம் என்று படம் சொல்வதாகவும் ஆகிவிடுமே! தணிக்கை அதிகாரி அதைப் பார்த்துத் தலையசைத்திருக்கலாம், பார்வையாளர் அதையே நேர்மாறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

எண்பதுகளின் நடுவில் ரோஃபுஸ் மேற்கு ஜெர்மனிக்குப் போனார்; 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து டொரான்டோவில் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். அதற்குத் தன் ஈயின் பெயரையே சூட்டினார். இந்தக் குடிபெயர்வைச் சாட்டி ஆப்பிளின் கதையை அவருடைய வாழ்க்கையாகவே வாசிக்க ஆசை எழும். நான் அதைத் தவிர்க்கிறேன், ஏனெனில் அவர் விழுந்து சிதறவில்லை. வேலை செய்தார், சம்பாதித்தார், புத்தாயிரத்தின் தொடக்கத்தில் நாடு திரும்பினார். அரசு சம்பளத்தில் கிடைத்த ஓய்வும் பொறுமையும் சந்தையில் கிடைக்காது என்பதால், நடுவிலிருந்த ஆண்டுகளில் பெயர் சொல்லும்படியான சொந்தப் படங்கள் குறைந்துபோனதை நான் ஓய்ந்துபோனதற்குச் சான்றாகக் கொள்ளவில்லை.

திரும்பிய பின் அவர் எடுத்த 'டிக்கெட்' ஒரு மனித வாழ்க்கையைப் பிறப்பு முதல் இறப்பு வரை அந்த மனிதரின் கண்ணாலேயே காட்டுகிறது. பழைய கேள்விக்கே மீண்டும் வந்திருக்கிறார். ஆனால் படம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. ஈக்கு ஓர் அறை போதும், கைதிக்கு ஒரு சுவர் போதும். முழு வாழ்க்கை என்று விரித்ததும் ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டுவிட்டு ஓட வேண்டியதாகிவிடுகிறது. அதே பன்னோனியாவில் பணியாற்றிய மார்செல் யாங்கோவிச், 1974இல் எடுத்த 'சிசிஃபஸ்' படத்தில் கல்லுருட்டும் ஒருவனை வெறும் கருந்தூரிகைக் கோடுகளால் இரண்டே நிமிடத்தில் காட்டி முடித்தார். அதற்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அந்தக் கட்டுக்கோப்பை 'டிக்கெட்' இழந்திருக்கிறது என்பது என் குறை. நீ மறுத்து எழுதலாம்.

அடுத்த மாதத் திரையிடலில் 'ஹோல்ட்பொன்ட்', 'ஈர்ப்பு விசை', 'சிசிஃபஸ்' மூன்றையும் சேர்த்துப் போடு. எல்லாம் சேர்ந்தும் கால் மணி நேரத்தைத் தாண்டாது. மீதிப் பொழுதை விவாதத்துக்கு விட்டுவிடு. 'டிக்கெட்'டை அதற்கடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள். மூன்றையும் பார்த்துப் பழகியவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை மறக்காமல் எழுது. பொங்கலுக்கு அந்தப் பக்கம் வர எண்ணியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்