பிள்ளையின் பாட்டிலில் என்ன ஊற்றி அனுப்புவது?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு பற்றி வகுப்பாசிரியர்கள் உங்களுக்கு எழுதிவிட்டார்கள். நான் எழுதுவது வெயிலைப் பற்றி. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில்தான் பிறக்கும். ஆனால் திருப்பூரில் பங்குனியிலேயே தகரக் கூரைக்கு அடியில் இருக்க முடிவதில்லை. பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள் தையலிலும் அயர்னிங்கிலும் நாள் முழுக்கப் பாடுபடும் உங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த வாரம் மதிய மணி அடித்ததும் பிள்ளைகளின் பாட்டில்களைத் திறந்து பார்த்தோம். பலவற்றில் காலையில் பிடித்த தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருந்தது. சிலவற்றில் ஆரஞ்சுப் பவுடர் கரைத்த தண்ணீர், சிலவற்றில் கோலா. "வெறுந்தண்ணி குடிக்கவே மாட்டேங்கறானுங்க டீச்சர்" என்று அம்மாக்கள் சொல்கிறீர்கள். உண்மைதான். அதற்காகக் கலர் தண்ணீரிடம் போக வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஓடி விளையாடிய பிள்ளையின் சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளையாகப் பூத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அது உப்பு. வியர்வையில் தண்ணீரும் போகிறது, உப்பும் போகிறது. இரண்டையும் திருப்பிக் கொடுப்பதுதான் தாகம் தணிப்பது. சாதாரணக் கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டிலைக் குடித்தால் ஐந்து டீஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது, உப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நாக்கு மட்டும் ஜில்லென்று இருக்கும்.

நீர்மோர் இதற்கு நேர் எதிர். ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர் போதும், ஒரு லிட்டர் தயிரில் ஐந்து லிட்டர் மோர் கிடைத்துவிடும். தயிரை முதலில் தனியாகக் கடைந்துவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். சேர்த்துப் போட்டுக் கடைந்தால் கட்டி கட்டியாக மிதக்கும், பிள்ளைகள் அதைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் மல்லித்தழை மூன்றையும் கல்லுரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, ஒரு சிட்டிகை பெருங்காயமும் உப்பும் சேர்த்து வடிகட்டுங்கள். இலை பல்லில் மாட்டுகிறது என்பதுதான் பிள்ளைகளின் பெரிய புகார், ஆகவே வடிகட்டுவதைத் தவறவிட வேண்டாம். பச்சை மிளகாய் பெரியவர்களுக்கு மட்டும். மோரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து அனுப்பாதீர்கள். மதியத்துக்குள் புளித்து, மூடியைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டில்தான் போய் விழும். எவர்சில்வர் பாட்டிலில், முக்கால் அளவு மட்டும் ஊற்றுங்கள்.

விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்? ஒரு எலுமிச்சை மூடியைத் தண்ணீரில் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டால் போதும். இராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றின் நீராகாரத்தில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வந்தாலும் காலை வேளைக்குப் பிரமாதம். நம் பள்ளியில் ஒடிசாக் குடும்பங்களும் இருக்கின்றன. அங்கே இந்தப் பழைய சோற்றைப் பக்காளா என்பார்கள், மார்ச் 20-ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பீகார்ப் பிள்ளை ஒன்று, வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பு, எலுமிச்சை, வறுத்த சீரகப்பொடி போட்டுக் கொண்டுவருகிறது. முதலில் மற்ற பிள்ளைகள் "என்னடா இது, சேத்துத் தண்ணி" என்று சிரித்தார்கள். இப்போது ஆளுக்கு ஒரு வாய் கேட்கிறார்கள். அங்கே வயலுக்குப் போகிறவர்கள் வெயில் நாளில் குடிப்பது இதைத்தான். நம்மூர்க் கம்மங்கூழ் போலவே பசியையும் தாங்கும்.

இளநீர் நல்லது. பொள்ளாச்சி பக்கத்திலேயே இருந்தும் விலை நமக்குக் கட்டுப்படியாவதில்லை என்பது வேறு விஷயம். வாங்கித் தர முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்த்துக் கொட்டிய பிள்ளைக்கு உப்புப் போட்ட மோரே பொருத்தம். ராமநவமிக்குக் கோயிலில் கொடுக்கும் பானகம் எனக்கும் பிடிக்கும். சுக்கும் ஏலமும் மணக்க ஒரு தம்ளர் குடிக்கலாம், ஆனால் வெல்லமும் சர்க்கரைதான், தினமும் வேண்டாம். நன்னாரி சர்பத்தும் அப்படியே. விடுமுறையில் ஊருக்குப் போனால் காலையில் இறக்கிய தெளுவை, அதாவது பதநீரை, கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்டுவார்கள். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்தச் சுண்ணாம்புதான்.

பள்ளி வாசலில் விற்கும் கரும்புச்சாறு, சர்பத் விஷயத்தில் எனக்குப் பயம் ஐஸின் மேல்தான். உணவுக்கு ஆகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் சாற்றில் கரைந்துவிட்ட ஐஸ் எந்த நிறத்தில் இருந்தது என்று யார் பார்த்தது? "ஐஸ் போடாம கொடுங்கண்ணா" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வீட்டில் மண்பானைத் தண்ணீர் இருந்தால் ஐஸே தேவைப்படாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெயிலில் ஆடிய பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, உடம்பு அனலாகக் கொதிப்பது, பேச்சு குழறுவது என்று எதைக் கண்டாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கேரளப் பள்ளிகளில் 2019-இல் தொடங்கிய தண்ணீர் மணியை நாமும் திங்கள்கிழமை முதல் அடிக்கிறோம். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியர் முன்னால் குடிக்க வேண்டும். பதினொரு மணிக்கு நீர்மோர், மற்ற வேளைகளில் கொதித்து ஆறிய தண்ணீர். பிள்ளையின் பெயர் எழுதிய தம்ளர் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். பால், தயிர் ஒத்துக்கொள்ளாத பிள்ளையானால் டைரியில் எழுதி வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள், எலுமிச்சைச் சாறு தருகிறோம். பணம் எதுவும் வேண்டாம். வீட்டில் கறிவேப்பிலை மரமோ எலுமிச்சை மரமோ இருப்பவர்கள் விரும்பினால் காலை ஒன்பதரை மணிக்குள் சத்துணவுக் கூடத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்